செவிவழிச் சாட்சியம்: நல்ல வீடியோ விளையாட்டு வலையொலியின் இலக்கணம்

முன்னுரை

கண்ணால் கண்டு, கையால் இயக்கி மகிழ்வதற்குரிய ஒன்றைச் செவிக்கு மட்டும் எடுத்துரைப்பது எங்ஙனம்? வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய வலையொலிகளை முதன்முறையாகக் கேட்பவர்க்கு எழும் வினா இதுவே. பாட்காஸ்ட் என்று உலகோர் வழங்குவதைத் தமிழில் வலையொலி என்கிறோம். இணையத்தின் வழியே தவணைதோறும் வந்து சேரும் ஒலிப்பதிவு அது. வேண்டும்போது கேட்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். நம் மாணவர் பலர் பேருந்திலும் விடுதியிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இத்தகைய உரையாடல்களைக் கேட்கின்றனர். விளையாடுவதே காலக்கேடு, விளையாட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்பது அதனினும் பெரிய கேடு என்று வருந்தும் பெற்றோரும் உளர்.

இவ்வருத்தத்தைப் புறந்தள்ளுதல் முறையன்று. ஐக்கிய அமெரிக்காவில் பெரிய விளையாட்டொன்றின் விலை 2020ஆம் ஆண்டிலிருந்து 70 டாலர் என்ற அளவை எட்டியது. 2015இல் வெளிவந்த ‘த விட்சர் 3’ போன்ற ஒரு விளையாட்டை ஆடி முடிக்க ஐம்பது மணி நேரத்திற்கும் மேலாகும். பொருளும் பொழுதும் இவ்வளவு செலவாகும் ஒன்றைப் பற்றி நம்பத்தகுந்த சொல் யாரிடம் கிடைக்கும் என்பது சிறிய வினாவன்று. எனவே நல்ல வீடியோ விளையாட்டு வலையொலி எது, அதனை எவ்வாறு அறிவது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். நாம் கண்ட முடிவை முதலிலேயே கூறிவிடலாம். நல்ல வலையொலி என்பது நல்ல சாட்சியம். சாட்சிக்குரிய தகுதிகள் யாவையோ அவையே இதற்கும் உரியன.

தோற்றமும் வளர்ச்சியும்

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் என்னும் கையடக்க இசைக்கருவி 2001இல் வெளிவந்தது. அதன் பெயரின் ஒரு பகுதியையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒரு பகுதியையும் இணைத்து, 2004 பிப்ரவரியில் ‘த கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்பார் பாட்காஸ்டிங் என்ற சொல்லைக் கையாண்டார். 2005 ஜூன் மாதத்தில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளிலேயே வலையொலிகளைத் தேடிப் பெறும் வசதியைச் சேர்த்தது. அதன்பின் இவ்வடிவம் விரைந்து பரவிற்று.

விளையாட்டு இதழாளர்கள் இவ்வாய்ப்பைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திக்கொண்டனர். 2005இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ஒன்அப் யுவர்ஸ்’ முன்னோடிகளுள் ஒன்று. பழைய விளையாட்டுகளின் வரலாற்றை ஆராயும் ‘ரெட்ரோநாட்ஸ்’ 2006இல் தோன்றிற்று. 2008இல் ஜெஃப் கெர்ஸ்ட்மன், ரயன் டேவிஸ் ஆகியோர் நிறுவிய ‘ஜயண்ட் பாம்’ தளத்தின் வார வலையொலி பெரும்புகழ் பெற்றது. அச்சிதழின் பக்க வரம்பும் வானொலியின் நேர வரம்பும் இவர்களுக்கு இல்லை. அந்த விடுதலையே இவ்வடிவத்தின் வலிமையாகவும், அடக்கமின்றிப் பேசுவோரிடத்து அதன் குறையாகவும் அமைந்தது.

காணாததைக் காட்டுதல்

வானொலியில் ஆட்ட வருணனை கேட்டு வளர்ந்த முதியோர்க்கு ஓர் உண்மை விளங்கும். பந்து எங்கே விழுந்தது, மட்டையாளர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதை வரிசை பிறழாமல் சொன்னால் மைதானம் மனக்கண்ணில் எழும். ‘அருமையான ஆட்டம்’ என்று பத்துமுறை கூறினாலும் எதுவும் எழாது. விளையாட்டு வலையொலிக்கும் இதுவே முதல் விதி.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 2013இல் லூகஸ் போப் என்பவர் உருவாக்கி வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்னும் விளையாட்டைக் கொள்வோம். இதனைப் பற்றி ஒருவர், ‘ஓவியங்கள் மங்கிய நிறத்தில் உள்ளன, இசை இறுக்கமாக உள்ளது, கதை நன்று, பத்துக்கு ஒன்பது மதிப்பெண்’ என்று பேசி முடிக்கலாம். கூறியவற்றுள் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் கேட்டவர் எதனையும் கண்டாரில்லை.

மற்றொருவர் இவ்வாறு தொடங்குகிறார் என்று கொள்வோம். ‘ஆண்டு 1982. அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் அலுவலர். ஒருவர் பின் ஒருவராக மக்கள் வந்து கடவுச்சீட்டை நீட்டுகின்றனர். நாளையும் முத்திரையையும் நிழற்படத்தையும் ஒப்பிட்டு, அனுமதி அல்லது மறுப்பு என்று அச்சிட வேண்டும். முறையாகச் சோதித்து முடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து காசு ஊதியம். ஒரு நாளில் முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை, அதன்பின் தண்டம். மாலையில் அவ்வூதியத்தைக் கொண்டு வாடகை, உணவு, குளிர்காய எரிபொருள், மருந்து ஆகியவற்றுக்குப் பங்கிட வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமன் உள்ளனர். ஒருநாள் ஒருவர் முறையான ஆவணங்களோடு வருகிறார். அடுத்து வரும் தன் மனைவியிடம் இரக்கம் காட்டுமாறு சொல்லிச் செல்கிறார். அப்பெண்ணிடமோ நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை.’

இவ்விரண்டாம் பேச்சில் மதிப்பெண் இல்லை. ‘அருமை’ என்ற சொல்லும் இல்லை. ஆயினும் கேட்டவர் அச்சாவடியில் அமர்ந்துவிட்டார். தாம் என்ன செய்வோம் என்ற எண்ணமும் அவருள் எழுந்துவிட்டது. இப்பேச்சைப் பகுத்து நோக்கின் நான்கு படிகள் புலனாகின்றன. கை செய்யும் செயல் முதலாவது. அச்செயலைக் கட்டும் விதி இரண்டாவது. விதியும் தேவையும் மோதும் நெருக்கடி மூன்றாவது. ஆடுபவர் செய்ய வேண்டிய தேர்வு நான்காவது. திரைப்படத்திற்கும் புதினத்திற்கும் கதை உண்டு, காட்சி உண்டு. ஆடுபவரிடம் தேர்வைக் கொடுத்து, அதன் விளைவை அவர் தலையிலேயே சுமத்துவது விளையாட்டிற்கே உரிய இயல்பு. அவ்வியல்பைத் தொடாமல் ஓவியத்தையும் இசையையும் மட்டும் பேசும் வலையொலி, விளையாட்டைப் பற்றியதாகாது.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்த நன்னூலார், வேண்டியதைக் குறைத்துரைப்பதையும் வேண்டாததை மிகுத்துரைப்பதையும் ஒருங்கே குற்றமாகக் கொண்டார். விதியைச் சொல்லாமல் வியப்பது குறைத்துரைத்தல். விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் பட்டியலிடுவது மிகுத்துரைத்தல். பேசுவோர் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவறிந்து நிற்றல் வேண்டும்.

ஆடியவரே பேசுதல்

கண்டவரே சாட்சி கூறலாம், கேள்விப்பட்டவர் கூறலாகாது. நல்ல வலையொலியில், பேசுபவர் அவ்விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடினார், முடித்தாரா, பாதியில் விட்டாரா, எளிய நிலையில் ஆடினாரா, கடிய நிலையில் ஆடினாரா என்பவற்றை வெளிப்படையாகக் கூறுவார். பாதியில் விட்டவரின் சொல்லுக்கும் மதிப்புண்டு. எவ்விடத்தில், எதனால் விட்டார் என்பதும் ஒரு செய்தியே. விட்டதை மறைத்து முடித்தவர் போலப் பேசுவதே பிழை.

பொருள்வழி வரும் சார்பு இதனினும் நுட்பமானது. விளையாட்டைப் பற்றி எழுதும் நிறுவனங்கள் பல, அவ்விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்களின் விளம்பரத்தாலேயே வாழ்கின்றன. 2007 நவம்பரில் ‘கேம்ஸ்பாட்’ தளத்தின் ஆசிரியப் பொறுப்பிலிருந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன் பணிநீக்கம் செய்யப்பட்டார். அத்தளத்தில் அப்போது பெருமளவில் விளம்பரம் செய்யப்பட்டிருந்த ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்னும் விளையாட்டிற்கு அவர் பத்துக்கு ஆறு மதிப்பெண் வழங்கியிருந்தார். விளம்பர அழுத்தமே காரணம் என்ற கருத்தை அந்நிறுவனம் அக்காலத்தில் மறுத்தது. விளையாட்டு வெளியீட்டாளர்களின் அதிருப்திக்கு நிர்வாகம் இணங்கியதே காரணம் என்னும் கருத்துப்பட 2012 மார்ச்சில் அவரே வெளிப்படையாக விளக்கினார். நாம் முன்னர்க் குறித்த ‘ஜயண்ட் பாம்’ இந்நிகழ்ச்சியின் விளைவாகத் தோன்றியதே. அத்தளமும் பின்னர்ப் பெருநிறுவனங்கள் சிலவற்றின் கைக்கு மாறி, 2025 மே மாதத்தில் அங்குப் பணியாற்றியோராலேயே மீட்டு வாங்கப்பட்டது.

2014இல் வெளிவந்த ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ விளையாட்டைப் புகழ்ந்து காணொளி வெளியிட இணையப் புகழாளர்களுக்குப் பணம் கொடுத்ததைத் தக்கவாறு வெளிப்படுத்தவில்லை என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016 ஜூலையில் அது உடன்பாட்டில் முடிந்தது. அவ்வழக்கு காணொளி பற்றியதாயினும் அதன் படிப்பினை வலையொலிக்கும் பொருந்தும். பணம் பெறுவது தானே குற்றமன்று. யாரிடம் பெற்றோம், விளையாட்டு இலவசமாக வந்ததா, விலைக்கு வாங்கியதா என்பவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கேட்பவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார். ‘டிரிபிள் கிளிக்’ போன்ற சில வலையொலிகள் கேட்போர் செலுத்தும் உறுப்பினர் கட்டணத்தைத் தமக்குரிய ஆதரவாகக் கொண்டுள்ளன. அங்குப் பேசுபவர் கேட்பவருக்கே கடன்பட்டவராகிறார்.

இவ்விடத்தில் பெற்றோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சில விளையாட்டுகளில் உள்ளே என்ன இருக்கும் என்றறியாமலேயே காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் உள்ளன. லூட் பாக்ஸ் என்பது அவற்றின் பெயர். 2018 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம், ‘ஃபிஃபா 18’, ‘ஓவர்வாட்ச்’, ‘கவுண்டர் ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்’ ஆகியவற்றில் இருந்த அத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று முடிவு கூறியது. விளையாட்டின் விலையை மட்டும் சொல்லி, உள்ளே காத்திருக்கும் இத்தகைய செலவைச் சொல்லாத வலையொலி, எத்துணை இனிமையாகப் பேசினும் சாட்சியத்தில் குறையுடையதே.

உரையாடலின் ஒழுங்கு

பெரும்பாலான விளையாட்டு வலையொலிகள் இருவர் அல்லது மூவர் கூடிப் பேசுவனவாக உள்ளன. இம்முறையின் பயன், ஒருவர் காணாததை மற்றவர் காண்பதே. 2020இல் தொடங்கிய ‘டிரிபிள் கிளிக்’ இதற்கு நல்ல சான்று. கர்க் ஹாமில்டன், மேடி மையர்ஸ், ஜேசன் ஷ்ரையர் ஆகிய மூவர் அதில் பேசுகின்றனர். ஹாமில்டன் இசை வல்லவர். ஷ்ரையர் விளையாட்டுத் தொழிலின் உட்செய்திகளை ஆராயும் செய்தியாளர். மையர்ஸ் நெடுங்காலம் விளையாட்டு விமரிசனத்தில் தோய்ந்தவர். ஒரே விளையாட்டை மூன்று பயிற்சிகளால் நோக்கும்போது, கேட்பவர்க்கு மூன்று சாளரங்கள் திறக்கின்றன. மூவரும் ஒரே கருத்தைச் சொல்லித் தலையசைப்பராயின் ஒருவரே போதும்.

கருத்து வேறுபாடு இருத்தல் வேண்டும். அது காரணத்தோடு இருத்தல் வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பவரிடம் ‘எவ்விடத்தில்?’ என்று உடனிருப்பவர் கேட்பாராயின் அவ்வுரையாடல் வளரும். நகைச்சுவையும் வேண்டற்பாலதே. நண்பர் கூடிச் சிரிக்கும் ஒலி இவ்வலையொலிகளுக்குப் பெருங்கவர்ச்சி தருகிறது. எனினும் தமக்குள் மட்டும் விளங்கும் பழைய வேடிக்கைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பது, விருந்தினரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே உண்பதற்கு ஒப்பாகும். புதிதாய்க் கேட்க வந்தவர் ஒருவர் எப்போதும் உடனிருக்கிறார் என்ற நினைவு பேசுவோர்க்கு வேண்டும்.

வடிவக் கட்டுப்பாடும் உரையாடலுக்கு அழகு சேர்க்கும். பிரித்தானிய இதழாளர் சைமன் பார்க்கின் நடத்தும் ‘மை பெர்ஃபெக்ட் கன்சோல்’ என்னும் வலையொலியில், விருந்தினர் தம் வாழ்வில் மறக்கவியலாத ஐந்து விளையாட்டுகளைத் தேர்ந்து, ஒரு கற்பனைக் கருவியில் சேர்க்க வேண்டும். விருப்பமான இசைத்தட்டுகளைத் தேர்ந்து பேசுமாறு 1942 முதல் பி.பி.சி. வானொலி விருந்தினரை அழைத்துவரும் நிகழ்ச்சியை இது நினைவூட்டுகிறது. ஐந்து என்ற எல்லை விதித்தவுடன் ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் கூற நேர்கிறது. காரணம் கூறும்போது அம்மனிதரின் வாழ்க்கையே வெளிப்படுகிறது.

இதற்கு மாறான வழியில் சென்றவர் ராபர்ட் ஆஷ்லி. 2009இல் அவர் தொடங்கிய ‘எ லைஃப் வெல் வேஸ்டட்’ கூடிப் பேசும் முறையை விடுத்துப் பலரது நேர்காணல்களைத் தேர்ந்து, வெட்டி, இசையோடு கோத்துச் சித்திரமாக அமைந்தது. ‘எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி’ என்னும் இதழ் 2009 ஜனவரியில் நின்றுபோனதே அதன் முதல் பகுதியின் பொருள். வேலையிழந்தவர்களின் குரலாலேயே ஓர் இதழின் முடிவைக் கேட்கச் செய்தார். அவர் வெளியிட்ட பகுதிகள் மிகச் சிலவே. ஆயினும் வாரந்தோறும் வந்த எத்தனையோ பேச்சுகள் மறந்துபோக, இது நினைக்கப்படுகிறது. வாரந்தோறும் மூன்று மணி நேரம் பேசுவது தவறன்று; பேசியதில் எதனை வைத்து எதனை நீக்குவது என்று ஒருவர் அமர்ந்து எண்ணினாரா என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஒலியும் சொல்லும்

செவிக்கே உரிய கலையில் ஒலித்தூய்மை அடிப்படை மரியாதையாகும். ஒருவர் குரல் முழங்க, மற்றவர் குரல் கிணற்றினின்று எழுவது போலிருந்தால், கேட்பவர் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தே களைத்துப்போவார். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒலிவாங்கியை வாயருகே வைத்தலும், திரைச்சீலையும் துணியும் நிறைந்த எதிரொலி குறைந்த அறையைத் தேர்தலும் பாதிப் பணியை முடித்துவிடும். வெவ்வேறு ஊர்களில் இருப்போர் பேசும்போது, ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலேயே தம் குரலைப் பதிவு செய்து, பின்னர் ஒன்றாய் இணைத்தால் இணையத் தடங்கலால் வரும் சிதைவு நீங்கும். பகுதிகளுக்குத் தலைப்பும் நேரக் குறிப்பும் கொடுத்தால், வேண்டியதை மட்டும் கேட்க விரும்புவோர்க்கு உதவியாகும்.

கதையின் முடிவை முன்கூட்டி உடைக்காமையும் பண்பாட்டின்பாற்பட்டதே. விளையாட்டில் ஆடுபவர் தாமே உழைத்து முடிவை அடைகிறார். அதனை ஒரு வாக்கியத்தில் பறிப்பது அவ்வுழைப்பைப் பறிப்பதாகும். முடிவைப் பேசியே தீரவேண்டுமாயின், முன்னரே எச்சரித்து, அப்பேச்சைத் தனிப்பகுதியாக இறுதியில் வைப்பதே முறை. கலைச்சொற்களும் அவ்வாறே. விளையாட்டாளரிடையே வழங்கும் குழூஉக்குறிகளை முதன்முறை சொல்லும்போது ஒரு தொடரில் விளக்கிவிட்டால், தந்தையும் மகனும் ஒருங்கே அமர்ந்து கேட்கலாம்.

ஆக்கியோரை மறவாமை

விளையாட்டு தானே முளைப்பதன்று. நிரல் எழுதுவோர், ஓவியர், இசையமைப்போர், சோதிப்போர் எனப் பலர் உழைப்பால் உருவாவது. 2005இல் வெளிவந்த ‘சிவிலிசேஷன் 4’இன் தலைமை வடிவமைப்பாளரான சோரன் ஜான்சன், ‘டிசைனர் நோட்ஸ்’ என்னும் வலையொலியில் தம்மையொத்த வடிவமைப்பாளர்களை நீண்ட நேர்காணல் செய்கிறார். தொழிலறிந்தவர் தொழிலறிந்தவரைக் கேட்கும் வினாக்களில், எந்த விதியை ஏன் நீக்கினீர்கள் என்பன போன்ற நுட்பங்கள் வெளிப்படுகின்றன. அத்தொழிலில் நிலவும் அளவிறந்த வேலைநேரத்தையும், 2023, 2024 ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் ஆட்குறைப்பையும் பேசும் வலையொலிகளும் உண்டு. விளையாட்டுத் துறையில் பணிபுரிய விரும்பும் மாணவர் விளம்பரத்தில் காணாத மறுபக்கத்தை அங்கே காண்பர். மகிழ்ச்சி தரும் பொருளின் பின்னுள்ள உழைப்பை நினைவூட்டுவதும் சாட்சியின் கடமையே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நல்ல வீடியோ விளையாட்டு வலையொலி கைச்செயலையும் விதியையும் நெருக்கடியையும் தேர்வையும் காட்டும், ஆடிய அளவையும் பெற்ற பொருளையும் மறைக்காது, காரணத்தோடு வேறுபடும், புதியவரை வாசலில் நிறுத்தாது, ஆக்கியோரை மறவாது. இவற்றுள் முதலிரண்டும் இல்லாதபோது மற்றவை வெறும் அலங்காரமே.

கேட்போர்க்கும் கடமை உண்டு. நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் வடிகட்டியைக் கடைமாணாக்கர்க்கு உவமையாக்கினர் நம் இலக்கண ஆசிரியர். இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து வசைச்சொல்லையும் வதந்தியையும் மட்டும் கொண்டுவருபவர் அவ்வடிகட்டியே. மாணவர்க்கு எளிய சோதனை ஒன்றைக் கூறுகிறோம். ஒரு பகுதியைக் கேட்டு முடித்தபின், அவ்விளையாட்டை அறியாத ஒருவரிடம் அதனை ஐந்து மணித்துளிகளில் சொல்லிப் பாருங்கள். அதில் என்ன செய்கிறோம், எது கடினம், அது நமக்கு ஏற்றதா என்று சொல்ல முடிந்தால் அவ்வலையொலி நன்று. ‘நன்றாகப் பேசினார்கள்’ என்பதற்குமேல் சொல்ல இயலவில்லையாயின் வேறொன்றைத் தேடுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மகன் கேட்பது இன்னதென்று அறியாமல் தடுப்பதைவிட, ஒருநாள் அவனையே அவ்வைந்து மணித்துளிச் சோதனைக்கு அழையுங்கள். அவன் விளக்கத் தொடங்கினால், அங்கே ஓர் எடுத்துரைப்பாளன் உருவாகிறான் என்று கொள்க. தமிழ் பயிலும் நம் மாணவருள் சிலர் இத்துறையில் தாமே பேச முன்வருவராயின், கண்டதைக் கண்டவாறு, விளங்கும் தமிழில், விலைபோகாமல் சொல்க என்பதே நாம் அவர்க்குக் கூறும் இலக்கணம்.